புரோம்ஸ் சீசன்: ரேடியோவில் கேட்பவர்களுக்கான இழை

மூன்றாம் மாடி

போன வருட இழை கடைசியில் குழாயடிச் சண்டையாகிப் பூட்டப்பட்டுவிட்டதால் புதிதாக ஒன்று தொடங்குகிறேன்.

புதியவர்களுக்காகப் புரோம்ஸ் பற்றிச் சுருக்கமாக. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை வரை எட்டு வாரம் மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதக் கச்சேரிகள் நடக்கும். அநேகமாகத் தினமும் ஒன்று, சில நாள் இரண்டு. அத்தனையையும் பிபிசி ரேடியோ 3 நேரடியாக ஒலிபரப்பும். சிலவற்றை டிவியிலும் காட்டுவார்கள். 1895-ல் ராபர்ட் நியூமன் என்ற அரங்க மேலாளர் ஆரம்பித்து வைத்தது. ஹென்றி வுட் என்ற 26 வயதுப் பையனைக் கண்டக்டராக, அதாவது வாத்தியக் குழுவை நடத்துபவராகப் போட்டார். நின்று கேட்க ஒரு ஷில்லிங். சாப்பிடலாம், குடிக்கலாம், புகைக்கலாம். பாடகர் பாடும்போது மட்டும் தீக்குச்சி உரசாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார்களாம். 1927-ல் பிபிசி எடுத்துக்கொண்டது.

நான் கவென்ட்ரியில் இருக்கிறேன். கடைசி ரயிலைப் பிடிக்கிற கவலையோடு கச்சேரி கேட்க எனக்கு வராது. அதனால் ரேடியோதான்.

என் கட்சி இதுதான்: தேர்ந்தெடுக்காதீர்கள். நிகழ்ச்சி நிரல் வெளிவந்ததும் எல்லோரும் பேனாவை எடுத்துக்கொண்டு பீத்தோவன், சைக்காவ்ஸ்கி என்று தெரிந்த பெயர்களை வட்டமிடுகிறார்கள். மீதி ஐம்பது கச்சேரி அனாதை. அப்படிக் கேட்டால் பத்து வருடம் கழித்தும் தெரிந்ததேதான் தெரிந்திருக்கும். சாயங்காலம் ரேடியோவைப் போடுங்கள், என்ன வருகிறதோ அதைக் கேளுங்கள். செக் இசையமைப்பாளர் யானாச்செக்கின் ‘சின்ஃபோனியட்டா’ எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது ட்ரம்பெட் சேர்ந்து ஊதும் ஆரம்பம், கீழே டிம்பனி முரசு இடிக்கிறது. மாவுக் கையோடு ஹாலுக்கு ஓடிவந்து சத்தத்தைக் கூட்டினேன். நிரலில் அந்தப் பெயரைப் பார்த்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன்.

தாளப்பிழை

எட்டு வாரம் தினமுமா? உங்களுக்குக் குழந்தைகள் இல்லை என்று நினைக்கிறேன் 🙂

எனக்கு வேறு பிரச்சினை. சினிமாப் பாட்டும் கர்நாடக சங்கீதமும் கேட்டு வளர்ந்த காது. 2025 மார்ச்சில் இளையராஜாவின் முதல் சிம்பொனியை லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது இல்லையா, அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் நன்றாக இருக்கிறது. அப்புறம் பிடி நழுவிவிடுகிறது. ஆலாபனை என்றால் தோடியா பைரவியா என்று தேட ஒரு வேலை இருக்கும். இங்கே எதைத் தேடுவது?

அடையாறு வாசி

தாளப்பிழை தம்பி, நல்ல கேள்வி. எனக்கும் அதே காதுதான், உங்களைவிட முப்பது வயது மூத்த காது.

நம்முடைய காது மேல் ஸ்தாயியில் போகும் ஒற்றை மெட்டையே துரத்தும். வாய்ப்பாட்டுக்கு அது சரி. இவர்கள் சங்கீதத்தில் பாதிக் கதை அடியில் நடக்கிறது. அதனால் மெட்டை விட்டுவிட்டு செல்லோவையும் டபுள் பாஸையும் மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பிராம்ஸின் நாலாவது சிம்பொனி வரும் நாளில் கடைசி மூவ்மென்டை, அதாவது கடைசிப் பகுதியைக் கேளுங்கள். எட்டு ஸ்வரம் கொண்ட ஒரே சின்ன வரி முப்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும். ஒரு தடவை அடியில் இருக்கும், ஒரு தடவை நடுவில் ஒளிந்திருக்கும், மேலே ஒவ்வொரு முறையும் வேறு அலங்காரம். நிரவல் கேட்டுப் பழகியவனுக்கு இது அன்னியமாகத் தோன்றாது. அந்த வரி எங்கே போனது என்று தேடுவதுதான் உங்கள் வேலை.

இன்னொன்று. எங்களுக்கு இது ராக்கூத்து. அங்கே ஏழரை மணி என்றால் சென்னையில் சரியாக நள்ளிரவு. வீட்டில் எல்லோரும் தூங்கியபின் ஹெட்ஃபோனில் கேட்பேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு பிபிசியின் வழிகள் அடிக்கடி மாறுவதால் ஒரு மாற்று சொல்லி வைக்கிறேன்: ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் மூலமாக மற்ற நாட்டு வானொலிகளும் புரோம்ஸ் கச்சேரிகளை எடுத்து ஒலிபரப்பும். ஆஸ்திரேலியாவின் ஏபிசி கிளாசிக்கும் போடும், அதுவும் நமக்குத் தோதான நேரத்தில்.

ஹரோ அக்கா

ரேடியோ ரேடியோ என்று எல்லாரும் உருகுகிறீர்கள். நான் கனகாலமாக அங்கே போய் நின்று கேட்கிற ஆள். ஒருக்கால் வந்து பாருங்கோ பிள்ளையள்.

மேடைக்கு முன்னால் நடு மைதானத்தில் கதிரை இல்லை. எல்லாரும் நிலத்தில் நிற்பார்கள். மேலே கூரைக்குக் கிட்ட உள்ள கேலரியிலும் அப்படித்தான். 8 பவுண்ட் அளவில் டிக்கெட், அன்றன்று வாங்கலாம். முன்வரிசையில் இடம் கிடைத்தால் முதல் வயலின்காரர் வில்லுக்கு ரோசின் பூசியது பொடியாக உதிர்வது வரைக்கும் தெரியும். அவ்வளவு கிட்ட நிற்க மற்ற மண்டபங்களில் நூறு பவுண்ட் கொடுத்தாலும் ஏலாது.

பிறகு அங்கே நிற்கிற சனத்தின் பகிடி. பியானோ மூடியைத் தூக்கும்போது கீழே நிற்கிறவர்கள் ‘ஹீவ்’ என்று கத்த, கேலரியில் நிற்கிறவர்கள் ‘ஹோ’ என்று பதில் சொல்லுவார்கள். சுருதி சேர்க்கப் பியானோவில் ஒரு ஸ்வரம் தட்டினால் அதற்கும் பெரிய கைதட்டு. கச்சேரி தொடங்கினால் ஊசி விழுந்தாலும் கேட்கும். ஐயாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது ரேடியோவில் வராது.

மூன்றாம் மாடி

அக்கா, ‘ஹீவ் ஹோ’ ரேடியோவிலும் கேட்கிறதே! எனக்கு அது இல்லாவிட்டால் பியானோ கன்செர்ட்டோவே தொடங்கவில்லை.

ஆனால் ஒலி விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆல்பர்ட் ஹால் 1871-ல் திறந்த நீள்வட்டக் கொட்டகை. எதிரொலிக்குப் பேர் போனது. ஒரு பிரிட்டிஷ் இசையமைப்பாளருக்குத் தன் படைப்பை இரண்டு தடவை கேட்க உத்தரவாதமான இடம் இதுதான் என்று பழைய கேலியே உண்டு. 1969-ல் கூரையிலிருந்து காளான் மாதிரித் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. ரேடியோக்காரர்கள் மைக்குகளை ஆர்கெஸ்ட்ராவுக்கு மேலேயே தொங்கவிடுகிறார்கள். பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு மங்கலாகப் போய்ச் சேரும் கிளாரினெட் என் சமையலறையில் துல்லியமாகக் கேட்கும்.

தாளப்பிழை

அடையாறு சார், பிராம்ஸ் நாலை யூடியூபில் கேட்டுப் பார்த்தேன். அந்த வரியைப் பிடித்தேன், தொலைத்தேன், மறுபடி பிடித்தேன். ஃப்ளூட் தனியாக வரும் இடத்தில் சுத்தமாகத் தொலைந்துபோனது.

அடையாறு வாசி

அங்கே எல்லோருக்கும் தொலையும். தாளத்தின் நடை அகலமாகிவிடும், அதனால். ஒன்றும் செய்ய வேண்டாம், ட்ராம்போன் வந்து மீட்டுக் கொடுக்கும்.

பாட்டுப்பெட்டி

கேட்பது பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், எதில் கேட்கிறீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிரிட்டனில் இருந்தால் முதல் தேர்வு இணையம். ரேடியோ 3-ஐ 320 கிலோபிட்டில் தருகிறார்கள், 2010-ல் புரோம்ஸ் சமயத்தில்தான் அதை ஆரம்பித்தார்கள். அடுத்தது நல்ல ஏரியல் வைத்த எஃப்எம், 90 முதல் 93 வரை தேடுங்கள். டிஏபி எனும் டிஜிட்டல் ரேடியோ மூன்றாவது. டிஜிட்டல் என்று பெயர் இருந்தாலும் அதில் பிட்ரேட் (நொடிக்கு வரும் தரவு) குறைவு, வயலின் கூட்டம் உச்சஸ்தாயிக்குப் போனால் மணல் தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

ரொம்ப முக்கியம்: போனிலோ ஸ்பீக்கரிலோ ‘வால்யூம் லெவலிங்’, ‘நைட் மோட்’ என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். சத்தத்தைச் சமப்படுத்துகிறேன் பேர்வழி என்று அது சங்கீதத்தையே கொன்றுவிடும். ராவெலின் ‘பொலேரோ’ தொடக்கத்தில் அந்தச் சின்ன டிரம் கிட்டத்தட்டக் கேட்காமல்தான் இருக்க வேண்டும். அது கால் மணி நேரம் ஏறி ஏறி வந்து இடிப்பதுதான் முழுப் படைப்புமே. என் மைத்துனர் அதைக் காரில் போட்டுவிட்டு, முதல் ஐந்து நிமிடம் ரேடியோ ரிப்பேர் என்று நினைத்துத் தட்டிக்கொண்டே வந்தார்.

அப்புறம், டிவி படத்தை மியூட்டில் வைத்து ரேடியோ ஒலியைச் சேர்த்துப் பார்க்க முயலாதீர்கள். ஒன்றோடொன்று பொருந்தாது. இணைய ரேடியோ என்றால் கண்டக்டர் கையை இறக்கி முடித்தபிறகு சத்தம் வரும்.

சும்மா ஒரு ரசிகன்

ரேடியோ பெட்டி இன்னும் விற்கிறார்களா?

பாட்டுப்பெட்டி

விற்கிறார்கள் ஐயா.

தாளப்பிழை

ரேடியோவில் பார்க்க முடியாததும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2007-ல் வெனிசுவேலாவிலிருந்து சிமோன் பொலிவர் இளைஞர் ஆர்கெஸ்ட்ரா வந்தது, குஸ்தாவோ டுடாமெல் கண்டக்டர். ஷோஸ்டகோவிச் பத்தாவது சிம்பொனியெல்லாம் வாசித்து, கச்சேரியின் முடிவில் விளக்கை அணைத்தார்கள். மறுபடி வெளிச்சம் வந்தபோது இருநூறு பேரும் வெனிசுவேலாக் கொடி நிறத்தில் ஜாக்கெட் போட்டிருக்கிறார்கள்! வாத்தியத்தைச் சுழற்றுகிறார்கள், எழுந்து ஆடுகிறார்கள், கடைசியில் ஜாக்கெட்டைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசுகிறார்கள். வீடியோ கிடைக்கிறது. ரேடியோவில் கேட்டவர்களுக்கு வெறும் கூச்சல்தான் கேட்டிருக்கும்.

மூன்றாம் மாடி

அறிவிப்பாளர் எதற்கு இருக்கிறார்? நிறத்தையும் சொல்லுவார்.

ஹரோ அக்கா

தம்பி சொல்வது சரி. அதுபோல அரோரா ஆர்கெஸ்ட்ரா. 2014-லிருந்து புரோம்ஸில் முழுச் சிம்பொனியை நோட்டுத் தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசிக்கிறார்கள். ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’கையே 2023-ல் அப்படி வாசித்தவர்கள். ஸ்டாண்டு ஒன்றும் குறுக்கே இல்லாததால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள். அது கண்ணால் பார்க்க வேண்டியது. ஆனால் ஒன்று, வாசிக்க முன்னம் அவர்களின் கண்டக்டர் நிக்கலஸ் கொலன் படைப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து விளங்கப்படுத்துவார். அதை ரேடியோவில் கேட்டாலே தாளப்பிழைத் தம்பிக்குப் பாதி விளங்கிவிடும்.

தாளப்பிழை

அது உதவும். இன்னொரு சந்தேகம். எங்கே கைதட்டுவது? ஒரு பகுதி முடிந்தது, நான் தட்டலாம் என்று பார்த்தால் ஒருவரும் தட்டவில்லை. அடுத்த நாள் வேறொரு கச்சேரியில் நடுவில் தட்டுகிறார்கள்.

அடையாறு வாசி

நடுவில் தட்டக் கூடாது என்பது பிற்காலத்து ஆசாரம். மோட்ஸார்ட் காலத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தட்டினார்கள். புரோம்ஸுக்குப் புதியவர்கள் நிறைய வருவதால் மூவ்மென்டுக்கு இடையில் தட்டுவார்கள், பழையவர்கள் முகம் சுளிப்பார்கள். சைக்காவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி இதற்கென்றே வைத்த பொறி. மூன்றாவது மூவ்மென்ட் படை கிளம்புவது போல முழங்கி முடியும், கை தானாகத் தட்டிவிடும். அடுத்து வருவது சாவு வீட்டுச் சங்கீதம். தட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாது.

எனக்கு இதில் கோபமே இல்லை. மிருதங்கத் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி சபா எழுந்து கேன்டீனுக்குப் போகிற ஊர்க்காரன் நான். எந்த முகத்தோடு அவர்களைக் குறை சொல்வது?

ஹரோ அக்கா

கைதட்டை விடுங்கோ. நேரலை என்றால் என்ன என்று நான் சொல்கிறேன்.

1968 ஆகஸ்ட் 21. முதல் நாள் இரவு சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் இறங்கிவிட்டன. அன்றைக்கென்று புரோம்ஸில் சோவியத் அரசு ஆர்கெஸ்ட்ரா. அதிலும் நிரலில் இருந்தது த்வொர்ஷாக்கின் செல்லோ கன்செர்ட்டோ, செக் நாட்டுக்காரரின் படைப்பு. ரோஸ்ட்ரபோவிச் செல்லோ. வெளியில் ஆர்ப்பாட்டம், உள்ளேயும் எதிர்ப்புச் சத்தம். அந்த மனிசன் வாசித்த வாசிப்பு இருக்கிறதே! முடிந்தபின் த்வொர்ஷாக்கின் நோட்டைத் தூக்கிக் காட்டினார். ஒலிப்பதிவு பிறகு இசைத்தட்டாகவும் வந்தது. நாட்டை விட்டு வந்தவர்கள் அதைக் கேட்டால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

1974-ல் இன்னொரு கூத்து. ‘கார்மினா புரானா’ என்கிற பாட்டுப் படைப்பு போய்க்கொண்டிருக்க, பாரிட்டோன் பாடகர் தாமஸ் ஆலன் மயங்கி விழுந்துவிட்டார். கேட்க வந்து நின்ற பேட்ரிக் மெக்கார்த்தி என்கிற இளம் பாடகர், எனக்கு இந்தப் பாட்டுத் தெரியும் என்று பின்பக்கம் போய்ச் சொல்லி, மேடையேறி மிச்சத்தைப் பாடி முடித்தார். கண்டக்டர் ஆந்த்ரே ப்ரெவின். நின்று கேட்பவர்களை இளக்காரமாகப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்லுவேன்.

மூன்றாம் மாடி

2022 செப்டம்பர் 8 எனக்கு நினைவிருக்கிறது. ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ரா வாசிக்க வேண்டிய மாலை. ராணி இறந்த செய்தி வந்தது. தேசிய கீதமும் எல்கரின் ‘நிம்ராட்’டும் வாசித்தார்கள், அத்தோடு கச்சேரி முடிந்தது. சீசனின் கடைசி இரவுக் கச்சேரியையும் ரத்து செய்துவிட்டார்கள்.

சும்மா ஒரு ரசிகன்

எனக்குக் கடைசி இரவு மட்டும் போதும். கொடி, தொப்பி, ‘ரூல் பிரிட்டானியா’. ஜாலியாக இருக்கும்.

ஹரோ அக்கா

எனக்கு அது மட்டும் வேண்டாம். ஐம்பது, அறுபது நாள் அருமையான சங்கீதத்தைக் கொடுத்துவிட்டு, பிரிட்டன் கடலை ஆள்கிறது, நாங்கள் ஒருபோதும் அடிமையாக மாட்டோம் என்று பாடினால் எனக்குச் சரியாகப் படவில்லை. யாரை அடிமையாக வைத்திருந்தீர்கள் என்று கேட்கத்தான் வாய் வரும்.

பாட்டுப்பெட்டி

அக்கா, பாதிப் பேர் ஐரோப்பியக் கொடியும் வேல்ஸ் கொடியும் ஆட்டுகிறார்கள். அதைப் பெரிய விஷயமாக எடுக்க வேண்டுமா? அந்த ‘ரூல் பிரிட்டானியா’ வரும் ‘கடல் பாட்டுகள்’ தொகுப்பு ஹென்றி வுட் 1905-ல் டிரஃபால்கர் போரின் நூற்றாண்டுக்குச் செய்தது, ஒரு பழைய சடங்கு மாதிரி.

ஹரோ அக்கா

பழையது என்பதால்தான் கேட்கிறேன். 2020-ல் வார்த்தை இல்லாமல் வாத்தியம் மட்டும் வாசிப்போம் என்று அறிவித்து, நாடே கூச்சல் போட்டு, பிறகு பாடத்தான் பாடினார்கள். சும்மா சடங்கு என்றால் அவ்வளவு கூச்சல் எதற்கு?

அடையாறு வாசி

இந்தச் சண்டையில் எனக்கு இடமில்லை. ஆனால் கடைசி இரவில் அவர்கள் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அந்த மெட்டுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் ‘சந்ததம் பாஹிமாம்’ என்று சம்ஸ்கிருதத்தில் அம்பாள் மேல் சாஹித்யம் போட்டு இருநூறு வருடம் ஆகிறது. கம்பெனிப் பட்டாளத்தின் பேண்ட் வாசித்ததைக் கேட்டு, நோட்டுஸ்வரமாக்கி வைத்துவிட்டார். மொத்த ஆல்பர்ட் ஹாலும் எழுந்து நின்று அம்பாளை ஸ்தோத்திரம் பண்ணுவதாக நினைத்துக்கொள்வேன். அக்காவும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

ஹரோ அக்கா

😂 ஐயா, இது நல்ல வழி. இந்த முறை அந்த ஒரு பாட்டுக்கு ரேடியோவை அணைக்க மாட்டேன்.

மட்டுறுத்துநர்

கடைசி இரவு அரசியலை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். போன வருடம் இங்கிருந்துதான் தொடங்கியது.

தாளப்பிழை

நம் ஊர் சங்கீதம் புரோம்ஸில் வந்ததுண்டா?

மூன்றாம் மாடி

உண்டு. 2017-ல் சுதந்திரத்தின் எழுபதாவது வருடம் என்பதால் ஆகஸ்ட் 15 அன்று ரவிசங்கரும் ஃபிலிப் கிளாஸும் சேர்ந்து செய்த ‘பாஸேஜஸ்’ஸை முதல்முறையாக மேடையில் முழுமையாக வாசித்தார்கள். 1990-ல் வெளிவந்த ஆல்பம் அது. அனுஷ்கா சங்கர் சிதார், கேரன் கமென்செக் கண்டக்டர். அதே சீசனில் இந்திய, பாகிஸ்தான் சங்கீதத்துக்கென்று ஓர் இரவுக் கச்சேரி இருந்தது. அதில் ஜோத்ஸ்னா ஸ்ரீகாந்தின் கர்நாடக வயலினும் உண்டு.

பாட்டுப்பெட்டி

புதுப் படைப்புகளைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒவ்வொரு சீசனிலும் புதிதாக எழுதச் சொல்லி அரங்கேற்றுகிறார்கள். நேர்மையாகச் சொன்னால் பாதி எனக்குப் பாத்திரம் உருட்டுவது போலத்தான் இருக்கிறது.

மூன்றாம் மாடி

இதில்தான் என் கட்சிக்கே வருகிறேன். 1912-ல் ஷோன்பெர்க்கின் ‘ஐந்து ஆர்கெஸ்ட்ராத் துண்டுகள்’ உலகிலேயே முதல்முறையாக வாசிக்கப்பட்டது புரோம்ஸில்தான், ஹென்றி வுட் நடத்தினார். கூட்டம் சீறியது. இன்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. புதுப் படைப்பு பிடிக்காமல் போகலாம், ஆனால் பெரும்பாலும் பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம்தான் இருக்கும். ரேடியோவில் அதற்கு முன்னால் எழுதியவரிடமே இரண்டு வார்த்தை கேட்டுப் போடுவார்கள். அரங்கில் இருப்பவருக்கு அது கிடைக்காது. தவிர, வீட்டில் இருந்தால் பிடிக்காதபோது பாத்திரமும் கழுவலாம், உங்கள் உருட்டலும் அதோடு சேர்ந்துவிடும்.

பாட்டுப்பெட்டி

சரி, இந்த வருடம் புதுப் படைப்பு எதையும் அணைக்காமல் கேட்கிறேன். திட்டினால் இங்கே வந்து திட்டுவேன்.

தாளப்பிழை

நான் தினமும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். செவ்வாயும் வியாழனும், குழந்தைகள் படுத்த பிறகு பிந்திக் கேட்கும் வசதியில், என்ன இருக்கிறதோ அது. நிரலைப் பார்க்க மாட்டேன். முதல் நாள் மட்டும் எல்லோரும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இங்கே எழுதலாமா?

மூன்றாம் மாடி

கட்டாயம். அடையாறு சார் விழித்திருப்பாரா?

அடையாறு வாசி

மத்தியானம் தூங்கிவிட்டு உட்காருவேன்.

பாட்டுப்பெட்டி

ஒரு வேண்டுகோள். எஃப்எம்மில் கேட்பவர்களுக்கு முதலில் வரும், இணையத்தில் கேட்பவர்களுக்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ பிந்தும். ஹரோ அக்கா ஹாலிலிருந்தே போனில் எழுதுவார். அதனால் ‘ஆஹா, அந்த ட்ரம்பெட்!’ என்று யாரும் முந்திக்கொண்டு போடாதீர்கள். ஒரு மூவ்மென்ட் முடிந்து ஒரு நிமிடம் கழித்து எழுதுங்கள்.

ஹரோ அக்கா

கச்சேரிக்குள் போனை எடுத்தால் பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரக் கிழவர் என்னைக் கொன்றுவிடுவார். இடைவேளையில்தான் எழுதுவேன்.